சேர்வரின் வேகம் குறையாமல் மின்செலவைக் குறைப்பது எப்படி? புதிதாகப் பொறுப்பேற்றவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருகோணமலை நகரத்திலும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கங்களிலும் விடுதி, தனியார் கிளினிக், ரியூஷன் நிலையம், கூட்டுறவுச் சங்கம் என்று பல இடங்களில் பின்னறையொன்றில் ஒரு சேர்வர் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பெரும்பாலும் அங்கே கணினி கொஞ்சம் தெரிந்த ஒருவரிடம் வந்து சேர்கிறது. மாதம் முடிந்ததும் முதலாளி மின்பட்டியலைக் காட்டுவார். அதே வாரத்தில் கவுண்டரில் இருப்பவர், "சிஸ்டம் ஸ்லோவாக இருக்கிறது" என்பார். இந்த இரண்டு முறைப்பாடுகளுக்கும் நடுவில் நிற்பவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். லினக்ஸ் சேர்வரை மனதில் வைத்தே சொல்கிறேன். விண்டோஸிலும் வழிமுறை இதுதான், பெயர்கள் மட்டும் மாறும்.

இலங்கையில் மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் ஏற்றப்பட்டது. அதன் பிறகு இறங்கியும் ஏறியும் வந்திருக்கிறது. அந்த ஏற்றங்களுக்குப் பிறகுதான் பலர் பின்னறைச் சேர்வரை முதன்முதலாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி: புரோசெசரின் வேகத்தைக் குறைத்துவிட்டால் பில் குறையுமா? குறையும், ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. சிறிய நிறுவனங்களில் பெரிய பணம் போவது சேர்வர் கடுமையாக வேலை செய்யும்போது அல்ல, சும்மா நிற்கும்போது. கூகுளில் இருந்த லூயிஸ் அந்திரே பரோசோவும் உர்ஸ் ஹோல்ஸ்லேயும் 2007இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். சேர்வர்கள் பெரும்பாலான நேரம் தங்கள் திறனில் 10 முதல் 50 சதவீதத்துக்குள்தான் வேலை செய்கின்றன. எந்த வேலையும் இல்லாதபோதுகூட உச்ச மின்சாரத்தில் ஏறக்குறைய பாதியை இழுக்கின்றன. புதிய இயந்திரங்களில் இது நன்றாகத் தேறியிருக்கிறது. ஆனால் இங்கே நம் கைக்கு வந்து சேர்பவற்றில் பல, வேறெங்கோ பாவித்து விற்கப்பட்ட பழைய சேர்வர்கள். அவற்றுக்கு 2007இன் கதை இன்னும் பெருமளவு பொருந்தும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

100 வாட் இடைவிடாமல் எரிந்தால் ஒரு நாளைக்கு 2.4 யூனிட். 30 நாளைக்கு 72 யூனிட். அந்த 100 வாட்டும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது, அதை ஏசி வெளியே தள்ள வேண்டும். ஏசி ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று யூனிட் வெப்பத்தை அகற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், 72 யூனிட்டோடு இன்னும் 24 யூனிட் சேரும். ஆக, சேர்வரில் நீங்கள் குறைக்கும் ஒவ்வொரு 100 வாட்டும் மாதத்துக்கு ஏறக்குறைய 96 யூனிட். உங்கள் மின்பட்டியலில் ஒரு யூனிட்டுக்கு என்ன விலை போட்டிருக்கிறது என்று பார்த்துப் பெருக்கிக்கொள்ளுங்கள். முதலாளியோடு பேசும்போது வாட்டில் பேசாமல் இந்த ரூபாய்க் கணக்கில் பேசுங்கள்.

அளக்காமல் எதையும் தொடாதீர்கள்

மின்சாரத்தை அளக்க மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, பிளக்குக்கும் சுவருக்கும் நடுவில் பொருத்தும் வாட்மீட்டர். விலை அதிகமில்லை, அது சொல்வதுதான் மீட்டர் எண்ணும் உண்மையான மின்சாரம். இரண்டாவது, சேர்வருக்குள்ளேயே இருக்கும் கண்காணிப்புச் சில்லு. ஐபிஎம்ஐ என்ற முறை வழியாகக் கேட்டால், பல சேர்வர்கள் இப்போது எத்தனை வாட் இழுக்கிறேன் என்று சொல்லிவிடும். மூன்றாவது, டர்போஸ்டாட் என்ற கருவி. இன்டெல் புரோசெசர்களில் 2011இல் வந்த சாண்டி பிரிட்ஜ் தலைமுறை முதல் புரோசெசரின் மின்பாவனையை அதுவே கணக்கு வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது, டர்போஸ்டாட் அதைப் படித்துக் காட்டும். ஒன்றை மறக்க வேண்டாம்: அது காட்டுவது புரோசெசருக்கும், சில சேர்வர்களில் நினைவகத்துக்கும் போகும் மின்சாரத்தை மட்டுமே. விசிறி, டிஸ்க், பவர் சப்ளையில் வீணாவது எதுவும் அதில் வராது. வாட்மீட்டர் ஒன்று கையில் இருப்பது நல்லது என்று நான் சொல்வது அதனால்தான்.

மின்சாரத்தை மட்டும் அளந்தால் பாதி வேலைதான். வேகத்தையும் அளக்க வேண்டும். வேகம் என்றால் ஜிகாஹெர்ட்ஸ் அல்ல. கவுண்டரில் இருப்பவர் பொத்தானை அழுத்தியதிலிருந்து விடை வரும்வரை ஆகும் நேரம். எஞ்சின்எக்ஸ் போன்ற வெப்சேர்வரில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்பதைப் பதிவேட்டில் எழுதச் சொல்லலாம். ஒரு வாரத்துக்கு எழுதவிடுங்கள். பிறகு சராசரியைப் பார்க்காதீர்கள். 100 கோரிக்கைகளை வேகப்படி வரிசைப்படுத்தி 95ஆவது எவ்வளவு நேரம் எடுத்தது, 99ஆவது எவ்வளவு எடுத்தது என்று பாருங்கள். சராசரி 200 மில்லிசெக்கனாக இருக்கும், 99ஆவது 4 செக்கனாக இருக்கும். கவுண்டரில் இருப்பவர் ஞாபகம் வைத்திருப்பது அந்த 4 செக்கனைத்தான்.

சேர்வரின் பளுவைப் பதிய சிஸ்ஸ்டாட் என்ற தொகுப்பு போதும். அது இயல்பாக 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான் பதியும். 10 நிமிடச் சராசரியில், 20 செக்கன் மட்டும் உச்சத்துக்குப் போய் இறங்கிய பளு மறைந்துவிடும், அதனால் 1 நிமிடத்துக்கு மாற்றுங்கள். இன்னொரு விஷயம்: லினக்ஸின் 'லோட் அவரேஜ்' எண்ணை நம்பி முடிவெடுக்க வேண்டாம். டிஸ்குக்காகக் காத்து நிற்கும் வேலைகளும் அந்த எண்ணில் சேர்கின்றன. லினக்ஸ் 4.20 முதல் 'பிரஷர்' என்ற தனிப் பதிவு இருக்கிறது. புரோசெசருக்காக எவ்வளவு நேரம் காத்திருந்தது, நினைவகத்துக்காக எவ்வளவு, டிஸ்குக்காக எவ்வளவு என்று அது பிரித்துச் சொல்லும். டிஸ்குதான் பிரச்சினை என்று தெரிந்தால், புரோசெசரை உச்ச வேகத்தில் வைத்திருப்பதில் எந்தப் பயனும் இல்லை. நல்ல எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டால் வேகமும் கூடும், மின்சாரமும் குறையும்.

உங்கள் பளு எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் எடுக்கும் முடிவுகள் எல்லாம் குருட்டு முடிவுகள். திருகோணமலையிலேயே எத்தனை வேறுபாடு என்று பாருங்கள். அரசு அலுவலகம் போன்ற இடமென்றால் காலை 8.30க்கு ஏறும், மாலை 4.15க்கு இறங்கும், சனி ஞாயிறு படுத்துவிடும். விடுதி நேர் எதிர். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும் காலம்தான் நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் பருவம். புறாத்தீவுக்குப் போகிறவர்கள், திமிங்கலம் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் அப்போதுதான். போயா (முழுநிலா) விடுமுறை வெள்ளியிலோ திங்களிலோ விழுந்து நீண்ட வார இறுதியாகிவிட்டால், அதற்கு முந்திய நாட்களில் முன்பதிவுச் சேர்வர் திணறும். ஒக்டோபருக்குப் பிறகு வாடைக்காற்றும் மழையும் வந்துவிட்டால் அதே சேர்வர் ஜனவரி வரை கிட்டத்தட்ட சும்மா நிற்கும். ரியூஷன் நிலையத்தின் இணையப் பாடங்களோ பின்னேரம் 4 மணிக்குத் தொடங்கி இரவு 9 மணிவரை பளுவாக இருக்கும். பரீட்சை முடிந்த மறுநாளே விழுந்துவிடும்.

ஒரு தாளில் மூன்று வரைபடம் வரையுங்கள்: ஒரு நாளின் 24 மணி, ஒரு வாரத்தின் 7 நாள், ஒரு வருடத்தின் 12 மாதம். வருடத்துக்கான பதிவு உங்களிடம் இல்லையென்றால் வரவேற்பு மேசையில் இருப்பவரைக் கேளுங்கள், அவருக்குத் தெரியும். பளு மெதுவாக ஏறி மெதுவாக இறங்குகிறதா, அல்லது திடீரென்று பாய்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மெதுவாக ஏறும் பளுவுக்கு இயந்திரங்களை அணைத்து எழுப்பும் முறை பொருந்தும். திடீர்ப் பாய்ச்சலுக்கு அது பொருந்தாது, இயந்திரத்தை விழிப்பாக வைத்துக்கொண்டு உள்ளுக்குள்ளே சிக்கனம் பிடிக்க வேண்டும்.

எவ்வளவு இடம் விட்டுவைப்பது

சேர்வரை 95 சதவீதம் நிரப்பினால் சிக்கனம்தானே என்று தோன்றும். காத்திருக்கும் வரிசைகளைக் கணக்கிடும் வரிசைக் கோட்பாடு அதற்குத் தரும் பதில் கடுமையானது. கோரிக்கைகள் ஒழுங்கில்லாமல் வந்துகொண்டிருக்கும் ஓர் எளிய அமைப்பில், பாதி நிரம்பியிருக்கும்போது விடை வர ஆகும் நேரம் வெறும் வேலை நேரத்தைப் போல 2 மடங்கு. 80 சதவீதத்தில் 5 மடங்கு, 90 சதவீதத்தில் 10 மடங்கு. புரோசெசரில் பல கோர்கள் (தனித்தனியே வேலை செய்யும் பகுதிகள்) இருந்தால் நிலைமை இதைவிட நன்றாக இருக்கும், ஆனாலும் வளைவு இதே மாதிரித்தான் எழும். அதனால் ஆட்கள் காத்திருக்கும் சேவைக்கு, உச்ச நேரத்தில் 60 முதல் 70 சதவீதத்தை எல்லையாக வைத்துக்கொள்வது என் பழக்கம். இரவில் தன்பாட்டுக்கு ஓடும் பேக்கப், அறிக்கை தயாரிப்பு போன்றவற்றை 100 சதவீதத்துக்கு ஓடவிடலாம், அங்கே யாரும் காத்திருக்கவில்லை.

பயோஸை ஒருமுறை திறந்து பாருங்கள்

இதைச் செய்யாமல் லினக்ஸில் எதை மாற்றினாலும் சில சேர்வர்களில் ஒன்றும் நடக்காது. சேர்வர் தொடங்கும்போது லினக்ஸுக்கு முன்பே ஓடும் அமைப்பு மென்பொருள்தான் பயோஸ். அதில் மின்சார முகாமைத்துவம் என்று ஒரு பக்கம் இருக்கும். எப்போதும் உச்சத்தில் வைத்திரு, பயோஸே முடிவெடுக்கட்டும், இயக்குதளம் முடிவெடுக்கட்டும் என்று தெரிவுகள் இருக்கும். மூன்றாவதைத் தெரியுங்கள். பாவித்த சேர்வர்கள் பல, முன்பு இருந்த இடத்தில் உச்சத்தில் வைக்கப்பட்டு அப்படியே வந்திருக்கும். அந்த ஒரு தெரிவை மாற்றினாலே சும்மா நிற்கும்போது இழுக்கும் மின்சாரம் குறைவதை வாட்மீட்டரில் கண்ணால் பார்க்கலாம்.

கவர்னரைத் தெரிவு செய்தல்

புரோசெசர் எந்த நேரத்தில் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் பகுதிக்கு லினக்ஸில் கவர்னர் என்று பெயர். இங்கே புதியவர்களைத் தடுமாற வைக்கும் ஓர் இடம் உண்டு, அதை நன்றாக விளங்கிக்கொள்ளுங்கள். 'பவர்சேவ்' என்ற பெயரில் உள்ள கவர்னர் இரண்டு டிரைவர்களில் (லினக்ஸ் புரோசெசரை இயக்கப் பாவிக்கும் மென்பொருள்) இரண்டு விதமாக நடந்துகொள்ளும். பழைய ஏசிபிஐ டிரைவரில் பவர்சேவ் என்றால் புரோசெசர் மிகக் குறைந்த வேகத்தில் கட்டிப்போடப்படும். எவ்வளவு பளு வந்தாலும் ஏறாது. இன்டெல் பிஸ்டேட் டிரைவர் தன் இயல்பான நிலையில் இருக்கும்போது, அதே பவர்சேவ் பளுவுக்கு ஏற்ப ஏறி இறங்கும். ஒருவர் எழுதிய ஆலோசனையைப் படித்துவிட்டு வேறு டிரைவர் உள்ள சேர்வரில் போட்டால், காலை 9 மணிக்குத் தொலைபேசி அடிக்கத் தொடங்கும். முதலில் உங்கள் டிரைவர் எது என்று பாருங்கள். சிபியூபவர் என்ற கருவி ஒரே கட்டளையில் காட்டிவிடும்.

பழைய டிரைவர் என்றால் 'ஷெட்யூட்டில்' கவர்னரைப் போடுங்கள். 2016இல் லினக்ஸ் 4.7உடன் வந்தது. எந்தக் கோரில் எவ்வளவு வேலை இருக்கிறது என்பதை லினக்ஸின் வேலைப் பங்கீட்டாளரிடமே கேட்டு வேகத்தைத் தீர்மானிக்கும், அதனால் பழைய 'ஒன்டிமாண்ட்' முறையைவிட ஏறி இறங்கும் பளுவுக்குப் பொருத்தமானது.

இன்டெல்லின் ஸ்கைலேக் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும், ஏஎம்டியின் புதிய புரோசெசர்களும் வேகத்தைத் தாங்களே தீர்மானித்துக்கொள்ளும் திறன் உள்ளவை. ஏஎம்டிக்கான டிரைவர் 2022இல் லினக்ஸ் 5.17உடன் வந்தது. இவற்றில் நீங்கள் சொல்வது ஒரு விருப்பத்தை மட்டுமே: ஒரு முனையில் முழு வேகம், மறுமுனையில் முழுச் சிக்கனம், நடுவில் 'வேகத்தின் பக்கம் சாய்ந்த சமநிலை', 'சிக்கனத்தின் பக்கம் சாய்ந்த சமநிலை' என்று இரண்டு. ஆட்கள் காத்திருக்கும் சேவைக்கு முதல் வகைச் சமநிலையில் தொடங்குங்கள். ஒரு வாரம் ஓடிய பிறகு 95ஆவது, 99ஆவது நேரங்கள் மாறவில்லையென்றால் இரண்டாவதுக்கு இறக்கிப் பாருங்கள். மாறினால் திரும்ப ஏற்றுங்கள். இன்டெல்லில் கவர்னர் 'பெர்ஃபோமன்ஸ்' என்று இருக்கும்போது இந்த விருப்பத்தை மாற்ற முயன்றால் அது ஏற்றுக்கொள்ளாது; கவர்னரை முதலில் மாற்ற வேண்டும்.

கையால் மாற்றிய எதுவும் சேர்வர் மறுபடி தொடங்கும்போது அழிந்துவிடும். ட்யூன்ட் என்ற சேவையை நிறுவி, அதில் ஒரு சுயவிவரமாக (ப்ரொஃபைல்) எழுதி வைத்தால் நிலைக்கும். ட்யூன்டில் தயாராக உள்ள 'பேலன்ஸ்ட்' சுயவிவரம் நல்ல தொடக்கம். அதிலேயே 'லேட்டன்சி பெர்ஃபோமன்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. அது புரோசெசரை ஆழமாக உறங்கவிடாது, எப்போதும் உச்சத்தில் வைத்திருக்கும். பெயரில் மயங்கி அதைப் போட்டால் நீங்கள் மிச்சம் பிடித்த எல்லாம் போய்விடும்.

கவர்னரை மாற்றிய பிறகு பளு எண்ணைப் படிக்கும்போதும் கவனம் தேவை. முன்பு 25 சதவீதம் என்று காட்டிய சேர்வர் இப்போது 50 சதவீதம் என்று காட்டலாம். வேலை கூடவில்லை, வேகம் பாதியாக இறங்கியிருக்கிறது, அதே வேலைக்கு அதிக நேரம் பிடிக்கிறது, அவ்வளவுதான். டர்போஸ்டாட்டில் பளுவையும் அந்த நேரத்து மெகாஹெர்ட்ஸையும் சேர்த்தே பாருங்கள்.

டர்போ பற்றி ஒரு வார்த்தை. தேவைப்படும்போது புரோசெசர் தன் வழமையான வேகத்தையும் தாண்டிச் சிறிது நேரம் ஓடுவதுதான் டர்போ. புரோசெசர் இழுக்கும் மின்சாரம் வேகத்தோடு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் கூடுகிறது. வேகம் ஏற ஏற மின்னழுத்தமும் ஏற வேண்டியிருப்பதால், கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸ்தான் ஆக விலை கூடியவை. பகலில் டர்போவை விட்டுவைப்பேன், திடீர்ப் பாய்ச்சலைத் தாங்க அது வேண்டும். இரவு வேலைகளுக்கு அணைத்துப் பார்க்கலாம். ஆனால் இங்கே வாட்டைப் பார்த்து ஏமாறக்கூடாது. மொத்த யூனிட்டைக் கணக்குப் போடுங்கள். உதாரணத்துக்கு, ஒரு வேலை 200 வாட்டில் 1 மணி நேரத்தில் முடிகிறது, பிறகு சேர்வர் 100 வாட்டில் 1 மணி நேரம் சும்மா நிற்கிறது. மொத்தம் 0.30 யூனிட். அதே வேலையை வேகம் குறைத்து 160 வாட்டில் 2 மணி நேரம் ஓட்டினால் 0.32 யூனிட். வாட் குறைந்தது, செலவு கூடிவிட்டது. சும்மா நிற்கும்போது 100க்குப் பதில் 140 வாட் இழுக்கும் பழைய சேர்வரில் 0.34 ஆகி, மெதுவாக ஓட்டுவதே இலாபமாகிவிடும். இதற்குப் பொதுவிதி கிடையாது. உங்கள் இயந்திரத்தில் இரண்டு இரவு இரண்டு விதமாக ஓட்டி வாட்மீட்டரின் யூனிட் எண்ணைப் பார்ப்பதுதான் ஒரே வழி.

உறங்க விடுங்கள்

ஸ்டாண்டில் ஆள் இல்லாமல் நிற்கும் ஓட்டோக்காரர் எஞ்சினை அணைத்துவிடுவார். ஆள் வந்தால் திரும்ப ஸ்டார்ட் பண்ண ஒரு கணம் பிடிக்கும். புரோசெசரின் கோர்களும் அப்படித்தான். வேலை இல்லாதபோது சி1, சி6 என்று படிப்படியாக ஆழமான உறக்க நிலைகளுக்குப் போகும். ஆழம் கூடக்கூட மின்சாரம் குறையும், விழிக்கும் நேரம் கூடும். இன்டெல்லின் ஸ்கைலேக் சேர்வர் புரோசெசர்களுக்கு லினக்ஸ் வைத்திருக்கும் கணக்குப்படி சி1இலிருந்து விழிக்க 2 மைக்ரோசெக்கன், சி6இலிருந்து 133 மைக்ரோசெக்கன்.

சில மென்பொருள் வழிகாட்டிகள் சி6ஐ அணைக்கச் சொல்லும். பங்குச்சந்தைப் பரிமாற்றம் போன்ற இடங்களில் அது நியாயம். முன்பதிவுப் பக்கமொன்று திறக்க 150 மில்லிசெக்கன் எடுக்கும் விடுதியில் 133 மைக்ரோசெக்கனைச் சேமித்து என்ன பயன்? அது அந்த நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. உறக்க நிலைகளைத் திறந்தே வையுங்கள்.

உறங்க அனுமதித்தும் சேர்வர் உறங்கவில்லையென்றால், யாரோ அதைத் தட்டி எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். பவர்டாப் என்ற கருவி எந்த நிரல் ஒரு செக்கனுக்கு எத்தனை தடவை எழுப்புகிறது என்று வரிசையாகக் காட்டும். தேவையில்லாமல் அடிக்கடி நிலையைக் கேட்டுக்கொண்டிருக்கும் கண்காணிப்பு நிரல், யாருமே திறக்காத வரைகலைத் திரை, மறந்துபோன சோதனைத் தரவுத்தளம் போன்றவைதான் பெரும்பாலும் மேலே நிற்கும். அவற்றை நிறுத்துவதற்கு ஒரு சதமும் செலவில்லை.

மூன்று சேர்வரை ஒன்றாக்குதல்

ஒவ்வொன்றும் 10 சதவீதம் மட்டும் வேலை செய்யும் மூன்று சேர்வர் இருந்தால், மேலே சொன்ன எல்லா நுணுக்கங்களையும்விடப் பெரிய மிச்சம் அவற்றை ஒரே இயந்திரத்தில் மெய்நிகர் சேர்வர்களாக, அதாவது ஒன்றுக்குள்ளேயே தனித்தனிச் சேர்வர்கள் போல ஓடும்படி, வைப்பதில்தான் இருக்கிறது. ப்ரொக்ஸ்மொக்ஸ், கேவிஎம் போன்றவை இலவசமாகக் கிடைக்கின்றன. புரோசெசர் போதுமா என்று கவலைப்படுவதைவிட நினைவகம் போதுமா என்று பாருங்கள், பெரும்பாலும் முதலில் தீர்வது அதுதான். மூன்றின் உச்ச நேரமும் ஒரே மணியில் விழுகிறதா என்று உங்கள் வரைபடங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். பகலில் உச்சம் வரும் கணக்குச் சேர்வரும் மாலையில் உச்சம் வரும் பாடச் சேர்வரும் நல்ல சோடி.

மெய்நிகர் சேர்வருக்குள் கவர்னரைத் தேடாதீர்கள், அது அடியிலுள்ள உண்மையான இயந்திரத்தில்தான் இருக்கும். ஒன்றானதில் வரும் ஆபத்தையும் முதலாளியிடம் மறைக்காமல் சொல்லுங்கள்: அந்த ஒன்று விழுந்தால் மூன்றும் விழும். மிஞ்சிய சேர்வர்களில் நல்லதை அணைத்து, தேவைப்படும்போது வலையமைப்பு வழியாக எழுப்பும்படி வைத்துக்கொள்ளலாம். அணைத்து வைத்த சேர்வரும் பிளக்கில் இருக்கும்வரை அதன் கண்காணிப்புச் சில்லுக்காகச் சில வாட் இழுக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

தானாகவே இயந்திரங்களைக் கூட்டிக் குறைக்கும் முறைக்குப் போகிறவர்களுக்கு ஒரே ஆலோசனை: ஏற்றுவதை வேகமாகச் செய்யுங்கள், இறக்குவதை நிதானமாகச் செய்யுங்கள். நிரல்களைப் பல இயந்திரங்களில் தானாக நடத்தும் குபெர்னெட்டிஸ்கூட இயல்பாக இறக்குவதற்கு முன் 300 செக்கன் பொறுத்துப் பார்க்கிறது. அந்தப் பொறுமை இல்லையென்றால் இயந்திரம் ஏறி இறங்கி ஏறிக்கொண்டே இருக்கும்.

வேலையை வேறு நேரத்துக்குத் தள்ளுதல்

நேரத்துக்கு ஏற்ற கட்டண முறையில் இருக்கும் நிறுவனங்களுக்கு மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச நேரம், விலை ஆகக் கூட. இரவு 10.30 முதல் அதிகாலை 5.30 வரை ஆகக் குறைவு. உங்கள் மின்பட்டியலில் பகல், உச்சம், இரவு என்று மூன்று நேரத்துக்கும் தனித்தனி எண் இருந்தால் நீங்கள் இந்த வகை. அப்படியானால் பேக்கப், அறிக்கை, படங்களைச் சுருக்குதல் எல்லாவற்றையும் 10.30க்குப் பின்னால் தள்ளுங்கள். எல்லாவற்றையும் சரியாக 10.30க்குத் தொடங்க வேண்டாம், ஒன்றையொன்று மிதிக்கும். லினக்ஸில் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் டைமர்களில் தொடக்க நேரத்தைச் சற்றுச் சிதறடிக்கும் வசதி இருக்கிறது, பாவியுங்கள். எல்லா நேரத்துக்கும் ஒரே விலை என்ற முறையில் இருந்தாலும், பகல் உச்சத்திலிருந்து இவற்றை விலக்குவது வேகத்துக்கு நல்லது.

அறை, காற்று, உப்பு

சேர்வர் அறையைக் குளிர்சாதனப் பெட்டி மாதிரி 18 பாகையில் வைத்திருப்பது பழைய பழக்கம். குளிரூட்டல் பொறியியலாளர்களின் அமெரிக்க அமைப்பான ஆஷ்ரே, சேர்வருக்குள் போகும் காற்றுக்கு 18 முதல் 27 பாகை வரை பரிந்துரைக்கிறது. 24 அல்லது 25இல் வையுங்கள். அதற்கு மேலும் ஏற்றினால் ஏசியில் மிச்சம் பிடித்ததைச் சேர்வரின் விசிறிகள் தின்னத் தொடங்கும். விசிறி இழுக்கும் மின்சாரம் அதன் வேகத்தின் கனத்தோடு (மூன்றாம் அடுக்கோடு) கூடுகிறது; வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகும், கூட்டினால் அதே கணக்கில் எகிறும். வெப்பமானியைச் சுவரில் மாட்டாமல் சேர்வரின் முன்வாயில் வையுங்கள்.

மே முதல் கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெளிக்காற்று சூடும் வறட்சியும் தூசுமாக இருக்கும். மற்ற மாதங்களில் கடற்காற்றின் உப்பு. யன்னலைத் திறந்து ஏசியை மிச்சம் பிடிக்கலாம் என்று குளிர்நாட்டுக்காரர்கள் சொல்லும் யோசனை கரையோரத்தில் வேண்டாம். உப்பு ஏறினால் இணைப்பிகள் பச்சை பிடித்து அரித்துவிடும். அறையை மூடி, ஏசியின் வடிகட்டியைக் கச்சான் காலத்தில் அடிக்கடி கழுவுங்கள்.

இரட்டைப் பவர் சப்ளை உள்ள சேர்வர்களில் பளு இரண்டுக்கும் பாதிபாதியாகப் பிரிவதால் ஒவ்வொன்றும் தன் திறனில் மிகச் சிறிய பங்கில் ஓடும். அங்கே வீண் அதிகம். பவர் சப்ளைகளுக்கான 80 பிளஸ் கோல்ட் தரம், இழுக்கும் மின்சாரத்தில் 230 வோல்ட்டில் பாதிப் பளுவில் 92 சதவீதமும், 20 சதவீதப் பளுவில் 88 சதவீதமும் வீணாகாமல் சேர்வருக்குப் போக வேண்டும் என்று கேட்கிறது. ஒன்றை முழுமையாக ஓடவிட்டு மற்றதைத் தயார்நிலையில் வைக்கும் தெரிவு சில சேர்வர்களில் உண்டு. இருந்தால் போடுங்கள்.

மின்சாரம் போனால்

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இப்போது அந்த நிலை இல்லை, ஆனாலும் யூபிஎஸ் தாங்கும் ஒவ்வொரு நிமிடமும் பெறுமதியானது. ஈய அமிலப் பட்டரிக்கு ஒரு குணம் இருக்கிறது: பளுவைப் பாதியாக்கினால் தாங்கும் நேரம் இரண்டு மடங்குக்கும் மேலாகும். அதனால் நட் என்ற யூபிஎஸ் கண்காணிப்பு மென்பொருளை நிறுவி, மின்சாரம் போனதும் தானாக ஓடும்படி ஒரு சிறு நிரல் எழுதி வையுங்கள். டர்போவை அணைக்க, விருப்பத்தை முழுச் சிக்கனத்துக்கு மாற்ற, பேக்கப் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்த, அவசியமில்லாத மெய்நிகர் சேர்வர்களை மூட. மின்சாரம் வந்ததும் எல்லாம் திரும்ப வர வேண்டும், அதையும் எழுதுங்கள். பட்டரி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் தரவுத்தளத்தை முறையாக மூடிச் சேர்வரை அணைக்கும் கட்டளைதான் இதில் முக்கியமானது, அதை முதலில் எழுதுங்கள். வேலை குறைந்த ஒரு பின்னேரத்தில் சுவர்ச் சுவிட்சை அணைத்துச் சோதியுங்கள். பட்டரி வைத்திருக்கும் இடம் சூடாக இருக்க வேண்டாம். 25 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 பாகைக்கும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

பயோஸ், கவர்னர், டர்போ மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், எது பயன் தந்தது, எது கவுண்டரைத் தாமதமாக்கியது என்று கண்டுபிடிக்க முடியாது. ஒன்றை மாற்றுங்கள், ஒரு முழு வாரம் ஓடவிடுங்கள், வாட்டையும் 95ஆவது, 99ஆவது நேரங்களையும் எழுதுங்கள். போயா விழுந்த வாரத்தைச் சாதாரண வாரத்தோடு ஒப்பிடாதீர்கள். பழைய நிலைக்கு எப்படித் திரும்புவது என்பதை மாற்றுவதற்கு முன்பே எழுதி, ராக்கின் (சேர்வர் பொருத்தியிருக்கும் அலுமாரியின்) கதவில் ஒட்டிவையுங்கள். நீங்கள் விடுமுறையில் இருக்கும்போது வேறொருவர் அதைச் செய்ய வேண்டி வரலாம்.

பருவம் மாறும்போது

ட்யூன்டில் இரண்டு சுயவிவரம் தயாராக வைத்திருங்கள், பருவத்துக்கு ஒன்று, மழைக்காலத்துக்கு ஒன்று. விடுதியென்றால் சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டு வாரம் முன்னரே பருவச் சுயவிவரத்துக்கு மாறி, அணைத்து வைத்த இரண்டாவது சேர்வரை எழுப்பி, அதன் புதுப்பித்தல்களை முடித்து, உண்மையான பளுவைக் கொஞ்சம் அதற்குத் திருப்பிப் பாருங்கள். ஒக்டோபரில் முன்பதிவுகள் குறைந்ததைப் பதிவேட்டில் கண்ட பிறகு அதைத் திரும்ப அணைக்கலாம். அணைத்திருக்கும் மாதங்களிலும் மாதமொருமுறை எழுப்பி, பேக்கப் ஒன்றை அதில் மீட்டெடுத்து, திறந்து பார்த்துவிட்டு அணையுங்கள்.